7,000 பேர் ஊரில் 18,000 பேருக்கு மைதானம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரான்சின் வடமேற்கு மூலையில் பிரித்தானி என்றொரு பகுதி. அங்கே பாரிஸிலிருந்து பிரெஸ்த் போகும் ரயில் பாதையில் ஓர் ஊர். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'குயின்காம்ப்' என்று வரும், ஊர்க்காரர்கள் வாயில் அது 'கெங்காம்'. மக்கள்தொகை சுமார் 7,000. ஊரின் கால்பந்து மைதானத்தில் இடம் சுமார் 18,000 பேருக்கு. தொட்டில் குழந்தையிலிருந்து தடி ஊன்றும் தாத்தா வரை ஊரையே காலி செய்து கூட்டிவந்து உட்கார வைத்தாலும் மைதானத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும்.

இரண்டாவது கணக்கு இன்னும் வேடிக்கை. 2009 மே 9 அன்று பாரிஸின் ஸ்டாட் து பிரான்ஸ் அரங்கில் பிரெஞ்சுக் கோப்பை இறுதிப்போட்டி. வந்திருந்தவர்கள் சுமார் 80,000 பேர், அதாவது கெங்காம் மக்கள்தொகையைப் போல பத்து மடங்குக்கு மேல். எதிரில் நின்றது பிரித்தானியின் தலைநகரான ரென். அது 2 லட்சம் பேர் வாழும் நகரம், கிளப்பின் உரிமையாளர்கள் பிரான்சின் பெரும் கோடீஸ்வரக் குடும்பங்களில் ஒன்றான பினோ குடும்பம். கெங்காம் அப்போது முதல் பிரிவில்கூட இல்லை, இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ரென் முதலில் கோல் போட்டது. "சரி, முடிந்தது கதை" என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் எதுவார்தோ என்ற பிரேசில்காரர் சில நிமிடங்களில் பதிலடி கொடுத்தார், அப்புறம் இன்னொன்றும் போட்டார். 2-1. முதல் பிரிவில் இல்லாத ஓர் அணி இந்தக் கோப்பையை வெல்வது வரலாற்றிலேயே இரண்டாவது முறை. முதல் முறை 1959-ல், லெ ஆவ்ர்.

மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்திருக்கும் என்று ஊகிக்க பெரிய மூளை வேண்டாம். தேவதைக் கதை, அதிசயம், கோலியாத்தை வீழ்த்திய தாவீது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. ரோமாபுரிப் படைக்கு அடங்காத அஸ்டெரிக்ஸின் காமிக்ஸ் கிராமமும் இதே பிரித்தானிக் கரையில்தான் இருக்கிறது. மந்திரக் கஷாயம் குடித்த கிராமம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் கெங்காம் கதையை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். அது அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. அதிசயம் என்றால் காரணம் தேட வேண்டாம், அடுத்தவர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இங்கே காரணம் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிய கொப்பரையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது உறைய வைத்த மீனும் ஒரு கணக்குப் புத்தகமும்தான். :)

கிளப் பிறந்தது 1912-ல். பெயர் 'ஆன் அவான்', அதாவது 'முன்னேறு'. அக்காலத்து பிரித்தானியில் கால்பந்து என்பது வெறும் விளையாட்டு இல்லை. ஒரு பக்கம் பாதிரியார்கள் நடத்திய இளைஞர் சங்கங்கள், மறுபக்கம் குடியரசின் மதச்சார்பற்ற பள்ளிக்கூடங்கள். 1905-ல் பிரான்ஸ் அரசையும் திருச்சபையையும் சட்டம் போட்டுப் பிரித்த பிறகு இந்தச் சண்டை ஊருக்கு ஊர் சூடாக இருந்தது. பையன்களை யார் வளைத்துப் போடுவது என்ற போட்டியில் பந்தும் ஓர் ஆயுதம். ஆன் அவான் பள்ளிக்கூடக் கட்சி. சிவப்பும் கறுப்பும் அதன் நிறங்கள். அடுத்த 60 வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாவட்ட அளவில், பிராந்திய அளவில் அமெச்சூர் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் உருண்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். பிரான்ஸ் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான கிளப்புகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

1972-ல் நோயல் லெ கிராயெட் என்பவர் தலைவரானார். பக்கத்துக் கிராமமான பூர்பிரியாக்கில் 1941-ல் பிறந்தவர். உறைய வைத்த கடல் உணவு, பதப்படுத்திய உணவு என்று பின்னாளில் பெரிய தொழில் குழுமத்தையே கட்டியவர். அவர் வந்த அடுத்த வருடமே, பிராந்திய லீக்கில் ஆடிய இந்த அமெச்சூர் அணி பிரெஞ்சுக் கோப்பையில் தன்னைவிட மேலே இருந்த அணிகளை வரிசையாக வெளியேற்றிக் கடைசி 16 வரை போனது. 1977-ல் இரண்டாம் பிரிவு. 1984-ல்தான் தொழில்முறை கிளப் ஆனது. 1990 ஜனவரியில் ரூதூரூ மைதானம் திறந்தாயிற்று. முதல் பிரிவை எட்டியது 1995-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு மூன்றாம் பிரிவுக்கு விழுந்து, ஃபிரான்சிஸ் ஸ்மெரெக்கி என்ற பயிற்சியாளரின் கையில் அடுத்தடுத்து இரண்டு படிகள் ஏறி வந்தார்கள்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1972-லிருந்து 1995 வரை 23 வருடம். ஒரு ராத்திரியில் நடந்தது எதுவும் இல்லை. எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் யாரோ ஒருவர் வந்து காசைக் கொட்டவில்லை. சம்பளம் கொடுக்க முடிந்த அளவுக்கு ஆள் எடுத்தார்கள். மீதி இருந்தால் மைதானத்துக்குச் செலவழித்தார்கள். இதை யாரும் சினிமாவாக எடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மைதானம் ஏன் ஊரைவிடப் பெரியதாக இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். அது 7,000 பேருக்காகக் கட்டப்படவே இல்லை. சுற்றிலும் உள்ள கிராமங்கள், பன்றிப் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள், கடற்கரை மீன்பிடி ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டியது அது. ஆட்டம் உள்ள மாலையில் அந்த மாவட்டமே ஊருக்குள் இறங்கும். ரென் மாதிரி நகரத்து அணிகளின் ரசிகர்கள் இவர்களை 'பட்டிக்காட்டு விவசாயிகள்' என்று கேலி செய்ததுண்டு. இவர்கள் கோபப்படாமல் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். "ஆமாம், விவசாயிகள்தான், இப்ப என்ன?" என்று பதாகை பிடிக்கிற கூட்டத்தை எதைச் சொல்லித் திட்டுவது?

மேலே வந்ததும் சும்மா இருக்கவில்லை. 1996-ல் இன்டர்டோட்டோ கோப்பை வழியாக யூஇஎஃப்ஏ கோப்பைக்குள் நுழைந்து இன்டர் மிலானோடு மோதினார்கள். சொந்த ஊரில் 0-3, மிலானில் 1-1. 1997-ல் பிரெஞ்சுக் கோப்பை இறுதிவரை போய் நீஸ் அணியிடம் பெனால்டியில் தோற்றார்கள். 1998-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்ற அணியில் கெங்காமின் முன்னாள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், வின்சென்ட் காந்தெலாவும் ஸ்டெஃபான் கிவார்க்கும். (கிவார்க்கை நினைவிருக்கும். உலகக் கோப்பை முழுக்க ஒரு கோல்கூடப் போடாத சென்டர் ஃபார்வர்டு. ஆனால் இறுதிப்போட்டியில் ஆடி ஜெயித்தவர். ஓய்வுக்குப் பிறகு நீச்சல் குளம் விற்கும் வேலை பார்த்தார். அவரைக் கிண்டல் செய்பவர்களின் கழுத்தில் உலகக் கோப்பைப் பதக்கம் கிடையாது.) அதே வருடம் கெங்காம் கீழே இறங்கிவிட்டது, 2000-ல் திரும்ப ஏறியது.

இந்தக் கிளப் எப்படி உயிர் வாழ்கிறது என்பதை ஒரே ஒருவர் கதையில் சொல்லிவிடலாம். திதியே ட்ரோக்பா.

2002 ஜனவரியில் லெ மான் என்ற இரண்டாம் பிரிவு கிளப்பிலிருந்து அவரை கெங்காம் வாங்கியது. அப்போது அவருக்கு வயது 23. பெரிய கிளப்புகளின் அகாடமியில் வளர்ந்தவர் இல்லை. 21 வயதில்தான் முதல் தொழில்முறை ஒப்பந்தமே கிடைத்தது. அடிக்கடி காயம், லெ மானில் நிலையான இடமும் இல்லை. விலை கால்பந்து உலகின் கணக்கில் சில்லறைக் காசு. 2002-03 பருவத்தில் அவர் 34 ஆட்டங்களில் 17 கோல் போட்டார். பக்கவாட்டில் ஃப்ளோரான் மலூதா. இவரும் ஷாத்தோரூ என்ற சின்ன ஊர் கிளப்பிலிருந்து வந்தவர். கெங்காம் 7-வது இடத்தில் முடித்தது. அந்த ஊர் வரலாற்றில் அதைவிட மேலே போனதே இல்லை.

அப்புறம்? அந்தக் கோடையிலேயே ட்ரோக்பா மார்செய்க்குப் போனார், மலூதா லியோனுக்கு. அடுத்த பருவத்தின் முடிவில், 2004-ல், கெங்காம் இரண்டாம் பிரிவுக்கு விழுந்தது. 2012-ல் செல்சீ ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் ட்ரோக்பாவும் இருந்தார், மலூதாவும் இருந்தார். ரூதூரூவில் மழையில் நனைந்து அவர்களை முதலில் பார்த்தவர்கள் அன்றைக்கு டிவியில் பார்த்துக் கைதட்டினார்கள்.

விதை நெல்லை விற்றால்தான் இந்த வருடம் சாப்பாடு, விற்றால் அடுத்த வருடம் விளைச்சல் இல்லை. சின்ன கிளப்பின் வாழ்க்கை இதுதான். இதில் அழுவதற்கும் இல்லை, கொண்டாடுவதற்கும் இல்லை. லோரான் கோசியெல்னி இங்கே 2004 முதல் 2007 வரை ஆடினார், பிறகு ஆர்சனலின் கேப்டன் வரை போனார். லிலியன் துராமின் மகன் மார்க்கஸ் இங்கே இரண்டு பருவம் ஆடிவிட்டு ஜெர்மனி போனார். 2011-ல் பக்கத்து சான் பிரியூவின் பெண்கள் அணி கெங்காமின் பெண்கள் பிரிவானது. அங்கே வளர்ந்த கிரீஜ் எம்பாக் 2015-ல் லியோனுக்குப் போய் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். பட்டியல் நீளம். எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் 'போனார்' என்ற வினைச்சொல்தான்.

கோப்பை வென்ற 2009-க்கு அடுத்த வருடம் என்ன ஆனது என்பதைப் பத்திரிகைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஐரோப்பாவில் ஹாம்பர்க் அணியிடம் 1-5, 1-3 என்று அடி வாங்கினார்கள். 2010-ல் மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டார்கள். கோப்பை வென்று ஒரே வருடத்தில்! வேறு ஓர் ஊராக இருந்தால் கிளப்பின் ஷட்டர் இறங்கியிருக்கும். இவர்கள் ஜோஸ்லின் குர்வெனெக் என்ற, பெரிய அனுபவம் இல்லாத ஒரு பயிற்சியாளரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2011-ல் இரண்டாம் பிரிவு, 2013-ல் முதல் பிரிவு. 2014 மே 3 அன்று மறுபடி பிரெஞ்சுக் கோப்பை இறுதி, மறுபடி எதிரில் ரென்! இந்த முறை 2-0. ஆட்டத்துக்கு முன் பிரெத்தோன் மொழியில் அவர்கள் கீதம் அரங்கில் ஒலித்தது. பிரெஞ்சு அரசு பள்ளிக்கூடங்களில் பேச விடாமல் பல தலைமுறைகளாக ஒடுக்கிய மொழி அது. (ரென் ரசிகர்கள்தான் பாவம். 1971-க்குப் பிறகு அவர்கள் கோப்பையைத் தொட்டது 2019-ல்.) அடுத்த பருவம் யூரோப்பா லீக்கில் ஃபியோரென்டினா, பாவோக், தினாமோ மின்ஸ்க் இருந்த பிரிவில் இரண்டாவதாக வந்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். தினாமோ கீவ் அணியைச் சொந்த ஊரில் 2-1 என்று வென்றும், அங்கே 1-3 என்று தோற்று வெளியேறினார்கள்.

இதுவரை நல்லதாகவே பேசியாயிற்று. இனி கசப்பு.

ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய வீடு இது. லெ கிராயெட் 1972 முதல் 1991 வரை கிளப் தலைவர். 1991 முதல் 2000 வரை பிரெஞ்சு லீக்கின் தலைவர். மார்செய் கிளப்பின் லஞ்ச ஊழல் வெடித்த காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். 1995 முதல் 2008 வரை கெங்காமின் மேயர். 2002-ல் திரும்பவும் கிளப் தலைவர். ஆக, 2002 முதல் 2008 வரை ஊருக்கும் அவர்தான் தலைவர், கிளப்புக்கும் அவர்தான் தலைவர், ஊரின் பெரிய முதலாளிகளில் ஒருவரும் அவரே. இது ஜனநாயகமா ஜமீனா என்று யாராவது கேட்டால் கோபப்பட உரிமை இல்லை. கோப்பை வருகிறவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை என்பதுதான் உண்மை. 2011-ல் பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத் தலைவரானார். 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பை வென்றது அவர் காலத்தில்தான். முடிவு அழகாக இல்லை. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார்கள் எழுந்தன, அவர் மறுத்தார். அரசின் ஆய்வறிக்கை, அந்தப் பதவியில் தொடர அவருக்குத் தகுதியான நம்பகத்தன்மை இல்லை என்று சொன்னது. பிப்ரவரி 2023-ல் பதவி விலகினார். ரூதூரூவை எழுப்பியதில் அவர் பங்கைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

ஆனாலும் கெங்காமை வெறும் லெ கிராயெட் கதையாகச் சுருக்குவதும் தப்பு. உணவுத் தொழிலில் பணம் சம்பாதித்த உள்ளூர் முதலாளிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எல்லா ஊரிலும் கெங்காம் இல்லை. அது சாத்தியமானதற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். ஒன்று, ஏணி திறந்திருந்தது. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே, ஊரின் அளவை யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக் கோப்பையில் அமெச்சூர் அணிகளும் ஆடலாம். 1973-ல் கெங்காம் நுழைந்த வாசல் அதுதான். இரண்டாவது, டி.என்.சி.ஜி. என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பு. ஒவ்வொரு வருடமும் கிளப்புகளின் கணக்கைத் திறந்து பார்க்கும். ஓட்டை இருந்தால் ஆட்டத்தில் ஜெயித்திருந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கும். பெரிய கிளப்புகள் இதைத் திட்டுவது வழக்கம், ஐரோப்பாவில் ஜெயிக்க முடியாமல் போவதற்கே இதுதான் காரணம் என்று புலம்புவார்கள். சிக்கனமாக வாழப் பழகிய கெங்காம் மாதிரி ஓர் ஊருக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க போர்தோ போதும். ஆறு முறை பிரெஞ்சு சாம்பியன். இரண்டரை லட்சம் பேர் வாழும் நகரம், 2015-ல் திறந்த 42,000 பேர் கொள்ளும் புது அரங்கம். 2018-ல் அமெரிக்க முதலீட்டாளர்கள் வாங்கினார்கள், பிறகு கை மாறியது, கடன் ஏறியது. 2024 கோடையில் தொழில்முறை அந்தஸ்தையே கைவிட்டு நான்காம் பிரிவுக்குப் போனது. பணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. கெங்காமும் விழுந்திருக்கிறது, பலமுறை. ஆனால் விழுந்தபோதெல்லாம் எழுந்து நிற்கக் கால் இருந்தது.

கவலைப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த ஏணியின் படிகளை இப்போது ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் 12 பணக்கார ஐரோப்பிய கிளப்புகள் தங்களுக்குள் ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. 15 நிறுவன உறுப்பினர்கள் தோற்றாலும் இறங்க மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் சிதறியது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சத்தம் போட்டு வந்த திருடனைப் பிடித்தாயிற்று, சத்தம் இல்லாமல் வருகிறவனை யார் பார்ப்பது? பிரான்சிலேயே பாருங்கள். 2020-ல் மீடியாப்ரோவின் பெரிய டிவி ஒப்பந்தம் கவிழ்ந்து கிளப்புகள் பணமில்லாமல் தவித்தன. 2022-ல் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 150 கோடி யூரோ கொடுத்து லீக்கின் வணிக வருமானத்தில் 13 சதவீதப் பங்கை வாங்கியது. அந்தப் பணத்தைப் பிரித்தபோது பாரிஸ் சான் ஜெர்மேனுக்கு 20 கோடி யூரோ. இரண்டாம் பிரிவு கிளப்புகளுக்குத் தலா 30 லட்சம் வாக்கில். ஒன்றுக்கு அறுபதுக்கும் மேல். 2023-லிருந்து முதல் பிரிவில் 20 அணிகள் 18 ஆகக் குறைந்தன. குறைந்தது ரெண்டே ரெண்டு இடம்தானே என்று தோன்றும். அந்த ரெண்டு இடத்தில்தான் கெங்காம் மாதிரி ஊர்கள் உட்கார்ந்திருந்தன.

சின்ன ஊர் அணி ஆடினால் டிவியில் யார் பார்ப்பார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். நியாயமான கேள்விதான். அதற்கு 2019 ஜனவரி ஒரு விதத்தில் பதில். அந்த மாதம் 9-ம் தேதி, லீக் கோப்பைக் காலிறுதி, பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் மைதானம். முந்தைய ஐந்து வருடமும் அந்தக் கோப்பையை வென்றது பாரிஸ் சான் ஜெர்மேன். கெங்காம் முதல் பிரிவில் கடைசி இடம். நெய்மார் கோல் போட்டும், கெங்காம் 2-1 என்று ஜெயித்தது. கடைசி நிமிடங்களில் மார்க்கஸ் துராம் போட்ட பெனால்டி. அதே ஆட்டத்தில் முன்னால் ஒரு பெனால்டியை வீணடித்தவரும் அவர்தான். சரியாகப் பத்து நாள் கழித்து, 19-ம் தேதி, அதே மைதானத்தில், லீக் ஆட்டத்தில் கெங்காம் 0-9 என்று தோற்றது. எம்பாப்பேவுக்கு மூன்று, கவானிக்கு மூன்று. இந்த இரண்டு ஆட்டங்களில் எதை அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இரண்டும் நடக்கக்கூடிய ஒரு லீக்கைத்தான் மனிதர்கள் பார்க்கிறார்கள். 9-0 மட்டுமே நடக்கும் என்றால் பாரிஸ்காரர்களே டிவியை அணைத்துவிடுவார்கள்.

அந்தப் பருவம் லீக் கோப்பை இறுதியில் ஸ்த்ராஸ்பூரிடம் பெனால்டியில் தோற்றார்கள். லீக்கில் கடைசி இடம் பிடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அதற்கு அடுத்த ஆறு பருவங்களும் அங்கேதான். ஆட்டம் உள்ள அன்றைக்கு பண்ணைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கார்கள் கெங்காமுக்கு வருகின்றன. ரூதூரூ பாதி நிறைந்தாலே அது ஊரின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம்.